ககாரிக்கோ கிணற்றுக்குள் கிடப்பது என்ன?

மார்கழி மழைக்குத் திருகோணமலை உவர்மலையில் அக்கா வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஒரு பின்னேரம். மருமகன் கையில் நின்டெண்டோவின் கேம் கருவி ஸ்விட்ச், அதில் 'டியர்ஸ் ஒஃப் த கிங்டம்' என்ற கேம். திரையில் மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர், கூரை வேய்ந்த வீடுகள், வேலி போட்ட பூசணித் தோட்டம். அங்கே ஒரு கிணற்றைக் கண்டதும் உள்ளே குதித்தான். கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"மாமா, இது ககாரிக்கோ தானே? நீங்க சொன்ன பேய்க் கிணறு இதா?"

இல்லை, ஊருக்கு அதே பெயர்தான், ஆனால் இது அந்தக் கிணறு இல்லை என்றேன்.

"அப்ப ஊரும் வேற ஊரா?"

அதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊருக்குள் போய் வருகிறேன். ஆனாலும் இது ஒரே ஊரா, பல ஊரா என்று கேட்டால் ஒரு சொல்லில் சொல்ல முடியாது. அவனுக்குச் சொல்லத் தொடங்கி இரண்டு இரவு நீண்ட கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விளையாடாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். நின்டெண்டோவின் 'லெஜண்ட் ஒஃப் செல்டா' வரிசை 1986இல் தொடங்கியது. ஹைரூல் என்ற ராச்சியம், செல்டா என்ற இளவரசி, லிங்க் என்ற வீரன், கானன் என்ற பகைவன். ஒவ்வொரு கேமிலும் பெரும்பாலும் இவர்களே வேறு வேறு காலத்தில் மறுபடி பிறந்து வருகிறார்கள். ககாரிக்கோ முதன்முதலில் வந்தது 1991 நவம்பர் 21இல் ஜப்பானில் வெளியான 'எ லிங்க் டு த பாஸ்ட்' கேமில். சரியாக ஏழு வருடம் கழித்து, 1998 நவம்பர் 21இல், 'ஒக்கரினா ஒஃப் டைம்' வந்தது. அந்தக் கதையில் லிங்க் ஏழு வருடம் தூங்கி எழும்புகிறான் என்பதை நினைத்தால் இந்தத் திகதிப் பொருத்தம் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

ககாரிக்கோவின் புதிர் முழுவதும் இந்த இரண்டாவது கேமில்தான் இருக்கிறது. அதனால் அங்கேயே கொஞ்சம் கூடுதலாக நிற்கப்போகிறேன்.

சிறுவன் லிங்க்காக முதல்முறை ஊருக்குள் போகும்போது சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. மரண மலையின் அடிவாரம். ஓடாவிமார் அங்கும் இங்கும் ஓடி வீடு கட்டுகிறார்கள். கோழி வளர்க்கிற ஒரு பெண், கோழியைத் தொட்டால் தனக்கு ஒவ்வாமை வருகிறது, ஓடிப்போன ஏழு கோழியையும் பிடித்துத் தா என்று கேட்கிறாள். மேலே ஒரு காற்றாலை சுற்றுகிறது. கொஜி கொண்டோ அந்த ஊருக்குப் போட்ட மெட்டு, பின்னேரம் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். ஊரின் நடுவே கிணறு. அதற்குள் தண்ணீர்.

ஊரவர்களோடு நின்று கதைத்தால் ஒரு விசயம் தெரியவரும். முன்பு இது யாரும் வந்து குடியேறக்கூடிய ஊர் இல்லை. அரச குடும்பத்துக்கு நிழலாக இருந்து வேலை செய்த ஷீக்கா என்ற குலத்தின் ஊர் இது. செல்டாவின் செவிலித்தாய் இம்பா இங்கேதான் பிறந்து வளர்ந்தாள். அவள்தான் பிறகு ஏழை எளிய சனத்துக்கு ஊரைத் திறந்துவிட்டாள். ஓடாவிகளின் தலைவர் இதை நன்றியோடு சொல்கிறார். நல்ல மனுசி என்று நாமும் நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். ஒரு குலம் தன் ஊரை ஏன் திறந்துவிட வேண்டும், அந்தக் குலத்து மற்ற ஆட்கள் எங்கே என்ற கேள்விகள் முதல்முறை விளையாடும்போது மனதில் எழாது. இம்பாவைத் தவிர வேறு ஷீக்கா யாரும் கண்ணில் படுவதில்லை என்பதைக் கவனிக்கவே எனக்கு இரண்டாம் தடவை தேவைப்பட்டது.

ஊரின் பின்பக்கம் சவக்காலை. அங்கே அரச குடும்பத்தின் கல்லறையும் இருக்கிறது. கோட்டையில் வாழ்ந்தவர்களை ஏன் இந்த மலையடி ஊரில் கொண்டுவந்து புதைத்தார்கள்? காவல் காத்தவர்கள் ஷீக்கா, அதனால் செத்த பிறகும் காவல் அவர்களிடமே என்று எடுத்துக்கொள்ளலாம். சவக்காலையின் மேட்டில் மூடிய ஒரு வாசல் உண்டு. அது நிழல் கோயில்.

கேம் இந்த வரலாற்றை ஒரு இடத்திலும் நேரே சொல்வதில்லை. ஒரு கிழவர் சொல்கிற கதை, ஒரு சுவரில் பொறித்த வரி, ஒரு அறையின் மூலையில் கிடக்கிற பொருள் என்று சில்லறையாகத்தான் கிடைக்கும். உண்மையைக் காணும் கண் உள்ள ஒரு மனிதன் இந்த ஊரில் வாழ்ந்தான், அவனுடைய வீடு இப்போது கிணறு இருக்கிற இடத்தில்தான் இருந்தது என்று ஒருவர் சொல்வார். வீடு இருந்த இடத்தில் எதற்குக் கிணறு? வீட்டை இடித்தார்களா? தண்ணீர் வேண்டித் தோண்டினார்களா, அல்லது கீழே உள்ளதை மூடத் தண்ணீர் விட்டார்களா? இம்பா முன்பு ஒரு தீய சக்தியை அந்தக் கிணற்றுக்குள் அடைத்துவைத்தாள் என்று பிறகு ஷீக் என்பவன் சொல்வதைக் கேட்கும்போது, கடைசிக் கேள்விக்கு ஆம் என்றே எனக்குப் படுகிறது.

தண்ணீரை வற்றவைத்து உள்ளே இறங்கினால் தெரியும். வழி மாதிரித் தெரிகிற தரை ஏமாற்றும், சுவர் மாதிரித் தெரிவது வழியாக இருக்கும். ஆட்களைக் கட்டிவைக்கிற மரச்சட்டங்கள். தரையிலும் சுவரிலும் பழைய இரத்தக் கறை. மண்ணுக்குள்ளிருந்து நீளும் வெள்ளைக் கைகள். சிறுவர்களுக்கும் சேர்த்துச் செய்த ஒரு கேமில் இப்படி ஒரு இடம் வரும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். உண்மைக் கண்ணாடி என்ற பொருள் கிடைப்பதும் இங்கேதான். அதை எடுத்துக்கொண்டு நிழல் கோயிலுக்குள் போனால், ஹைரூலின் பேராசையும் வெறுப்பும் நிறைந்த இரத்த வரலாறு இங்கே சேர்த்துவைக்கப்பட்டிருக்கிறது என்ற பொருளில் ஒரு வாசகம் கண்ணில் படும். உள்ளே கழுத்தை வெட்டுகிற கத்திகள் மேலும் கீழும் இறங்கிக்கொண்டிருக்கும்.

ஏன் என்பதற்கான திறப்பு வேறொரு இடத்தில் கிடக்கிறது. லிங்க் குழந்தையாக இருந்தபோது ஹைரூலில் கடும் போர் நடந்தது, அவனுடைய தாய் காயத்தோடு காட்டுக்குள் ஓடிவந்து பிள்ளையை ஒப்படைத்துவிட்டு இறந்தாள் என்று காட்டிலே முளைத்த டெக்கு மரக்கன்று சொல்கிறது. அரசன் நாட்டை ஒன்றாக்கியது அந்தப் போரின் முடிவில். இதையும் கிணற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசனுக்காக மறைவில் வேலை செய்த ஒரு குலம், அந்தக் குலத்தின் ஊர், ஊருக்குக் கீழே ஆட்களை வதைத்த அறைகள். நல்ல அரசன் என்று எல்லாரும் சொல்கிற ஒருவரின் அமைதிக்கு இந்தக் கிணற்றடியில்தான் விலை கொடுத்திருக்கிறார்கள். இது என் வாசிப்பு. கேம் தன் வாயால் இதைச் சொல்லாது. ஆனால் சாமான்களை அடுக்கிவைத்த விதத்தில் வேறு எந்தக் கதையும் இவ்வளவு பொருந்தி வரவில்லை. ஷீக்காவின் சின்னம் ஒரு கண், அதன் கீழே ஒரு துளி கண்ணீர். கிணற்றுக்குள் போய் வந்த பிறகு அந்தத் துளியை நான் முன்பு போலப் பார்த்ததில்லை.

திருகோணமலைக்காரருக்கு இப்படி வாசிப்பது புதுப் பழக்கம் இல்லை. கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் வாசலில் ஒரு கணம் நின்றால் தெரியும், கல்லில் இரட்டை மீனும் தமிழ் எழுத்தும். 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அதே கல்லில் கோட்டை கட்டினார்கள். கோட்டைச் சுவரைப் பார்ப்பவர் கோயிலையும் பார்க்கிறார், பார்க்கத் தெரிந்திருந்தால். 1950இல் கோயில் இருந்த இடத்துக்குக் கிட்ட நகரசபை ஆட்கள் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தரும் பார்வதியும் சந்திரசேகரரும் வெண்கலச் சிலைகளாக வெளியே வந்தார்கள். இடிக்க வருகிறார்கள் என்று தெரிந்து யாரோ கைகளால் மண்ணைத் தோண்டி அவற்றைப் புதைத்திருக்கிறார்கள். முந்நூறு வருடத்துக்கு மேல் அது எந்த ஏட்டிலும் இல்லை, நிலத்துக்குள் இருந்தது. எங்கள் மண்ணுக்குள் காப்பாற்ற வேண்டியதை ஒளித்தார்கள். ககாரிக்கோவில் காட்டக்கூடாததை ஒளித்தார்கள். இரண்டையும் வெளியே கொண்டுவர ஒரு கிணறு வேண்டியிருந்தது.

சரி, காற்றாலைக்கு வருவோம். இந்த ஊரின் இரண்டாவது புதிர் அங்கே. ஏழு வருடம் கழித்து வளர்ந்த லிங்க்காகக் காற்றாலைக்குள் போனால், இசைப்பெட்டியைச் சுற்றிக்கொண்டிருக்கிற ஒரு மனிதன் கோபத்தோடு நிற்பான். ஏழு வருடத்துக்கு முன் ஒரு பொடியன் வந்து ஒக்கரினா என்ற ஊதுகருவியில் ஒரு பாட்டை வாசித்து என் காற்றாலையைக் குழப்பிவிட்டான் என்பான். அந்தப் பாட்டை நமக்கே வாசித்தும் காட்டுவான். அதுதான் புயல் பாட்டு. நாம் அதைக் கற்றுக்கொண்டு, இந்தக் கேம் விடுகிறபடி காலத்தில் ஏழு வருடம் பின்னால் போய், சிறுவனாக அதே காற்றாலைக்குள் நின்று அதை வாசிக்கிறோம். காற்றாலை வெறிபிடித்துச் சுற்றுகிறது, கிணற்றுத் தண்ணீர் இறங்கிவிடுகிறது. இப்போது யோசியுங்கள். நாம் பாட்டைக் கற்றது அவனிடம். அவன் கற்றது நம்மிடம். அப்படியானால் அதை இயற்றியவர் யார்? யாருமில்லை. வட்டத்துக்குள் சுற்றுகிற, தொடக்கமே இல்லாத ஒரு மெட்டு.

பாட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு விடுகிறவர்கள் அதிகம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது தண்ணீர். வளர்ந்த லிங்க் ஊருக்கு வரும்போது கிணறு வறண்டு கிடக்கிறது. மூன்று கோயில்களை முடித்துவிட்டு வந்தால் ஊர் பற்றி எரிந்துகொண்டிருக்கும். கிணற்றுக்குள் அடைபட்டிருந்தது மூடியை உடைத்துக்கொண்டு வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாத அந்த உருவம் ஷீக்கைத் தூக்கி எறியும். அதை மறுபடி அடைக்க இம்பா நிழல் கோயிலுக்குப் போயிருக்கிறாள். கிணற்றின் தண்ணீரை வற்றவைத்தது யார்? நாம்தான். அதைக் காட்டுகிற காட்சி எதுவும் இல்லை, யாரும் லிங்க்கைக் குற்றம் சொல்வதும் இல்லை. இருந்தாலும் அந்தத் தீயில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. கோயிலின் கடைசியில் பொங்கோ பொங்கோ என்ற பெயரோடு வரும் அந்த உருவத்துக்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் வெட்டுப்பட்ட கழுத்து, உடலிலிருந்து பிரிந்த இரண்டு கைகள். கழுத்து வெட்டுகிற கத்திகள் உள்ள கோயிலில் தலையில்லாத ஒன்று. அது அங்கே வதைபட்டவர்களின் கோபம் என்று விளையாடுகிறவர்களில் பலர் நம்புகிறார்கள். நானும் நம்புகிறேன்.

மருமகனின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஊரும் வேறா?

வரைபடத்தை மட்டும் பார்த்தால் வேறுதான். 'எ லிங்க் டு த பாஸ்ட்'இல் ககாரிக்கோ ஹைரூலின் மேற்கே சமவெளியில் இருக்கிறது. 'ஒக்கரினா'வில் கிழக்கே மலையடிவாரம். 2006இல் வந்த 'டுவைலைட் பிரின்சஸ்'இல் எல்டின் மாகாணத்தின் பாறைகளுக்கு நடுவே, பாதி வீடுகள் வெறுமையாகிப் புழுதி பறக்கிற ஊர். 2017இன் 'பிரெத் ஒஃப் த வைல்ட்'இலும் 2023இன் 'டியர்ஸ் ஒஃப் த கிங்டம்'இலும் தென்கிழக்கே நெக்லுடா மலைகளுக்குள். நின்டெண்டோ 2011இல் வெளியிட்ட 'ஹைரூல் ஹிஸ்டோரியா' என்ற நூல், 'ஒக்கரினா'வுக்குப் பிறகு காலம் மூன்று கிளையாகப் பிரிகிறது என்கிறது. லிங்க் தோற்ற கிளையில் மேற்குச் சமவெளி ஊர். சிறுவனாகத் திரும்பிய கிளையில் எல்டின் ஊர். காலத்துக்கு அப்படி ஒரு ஒழுங்கு வந்துவிட்டது, ஊரின் இடத்துக்கு வரவில்லை.

இதற்குச் செய்தவர்கள் பக்கத்தில் எளிய பதில் உண்டு. விளையாடும் முறைதான் முதலில், கதை அதற்குப் பிறகு என்று இந்த வரிசையை உருவாக்கியவர்களில் ஒருவரான மியமோட்டோ பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு கேமுக்கும் நிலத்தைப் புதிதாகவே போடுகிறார்கள். பழைய பெயரை வைத்தால் பழைய ஆட்களுக்கு ஒரு நெருக்கம் வரும். உண்மைதான். ஆனால் கதைக்குள்ளேயே இதைவிட நல்ல பதில் ஒன்று இருக்கிறது, அதுவும் பலர் கவனிக்காத ஒரு பலகையில்.

'டுவைலைட் பிரின்சஸ்'இல் மறைந்து கிடக்கிற ஒரு ஊருக்குப் போக நேரும். அசுரக் கூட்டம் ஒன்று அதைப் பிடித்துவைத்திருக்கும். விரட்டிய பிறகு ஒரே ஒரு கிழவி வீட்டுக்குள்ளிருந்து வெளியே வருவாள். மற்றபடி பூனைகள் மட்டும். அவள் பெயர் இம்பாஸ். இந்த ஊரைக் கட்டியவரின் பெயரையே தனக்கு வைத்தார்கள் என்பாள். அரச குடும்பத்துக்குச் சேவை செய்த குலம் இங்கே வாழ்ந்தது, நீண்ட போர்களில் அழிந்து குறைந்துபோனது என்பாள். அங்கே நிற்கிற ஒரு பலகையில் ஹைரூல் எழுத்தில் என்னவோ எழுதியிருக்கும். கேம் அதை மொழிபெயர்த்துத் தராது. எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் கண்டது: பழைய ககாரிக்கோவுக்கு நல்வரவு.

அந்த ஒரு பலகை போதும். இடம் காலியாகிவிட்டது, பெயர் வேறு இடத்தில் உயிரோடு இருக்கிறது. 'ஒக்கரினா'விலும் இதே விசயம் வேறு முகத்தோடு வரும். கானன்டோர்ஃப், அதாவது மனித உருவிலுள்ள கானன், தலைநகரைப் பிடித்ததும் அங்கிருந்த சனம் ககாரிக்கோவுக்குத்தான் ஓடிவருகிறது, கடைகளும் கூடவே வருகின்றன. ஓடிவந்தவர்களுக்கு இடம் கொடுத்த ஊர் அது. பிறகு அதுவும் எரிகிறது. பிறகு அந்த ஊராரும் எங்கேயோ போயிருப்பார்கள்.

சம்பூர் சனம் 2006இல் போரில் இடம்பெயர்ந்து கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். 2015இலிருந்துதான் திரும்பிப் போகத் தொடங்கினார்கள். அந்த முகாமில் பிறந்த பிள்ளையிடம் எந்த ஊர் என்று கேட்டால் கிளிவெட்டி என்று சொல்லுமா? சம்பூர் என்றுதான் சொல்லும். கண்ணால் பார்த்திராத ஊரைத் தன் ஊர் என்று சொல்கிற பிள்ளைகளை இந்த மாவட்டத்தில் எல்லாரும் கண்டிருக்கிறோம். ஊர் என்ற சொல்லை நாம் நிலத்துக்கும் சொல்கிறோம், அந்த நிலத்து ஆட்களுக்கும் சொல்கிறோம். 'ஊரே திரண்டு வந்தது' என்றால் நிலமா திரண்டு வந்தது? ககாரிக்கோ வரைபடத்தில் ஏன் நகர்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

'பிரெத் ஒஃப் த வைல்ட்' இந்தக் கதையை இன்னொரு பக்கத்திலிருந்து சொல்கிறது. இம்முறை ககாரிக்கோவில் இருப்பவர்கள் எல்லாரும் ஷீக்கா. பத்தாயிரம் வருடத்துக்கு முன் அவர்கள் செய்த இயந்திரங்கள்தான் கானனை அடக்க உதவின. வெற்றி கிடைத்ததும் அரசனுக்கு அந்த அறிவின் மேலேயே பயம் வந்துவிட்டது, அவர்களை ஒடுக்கினான். சிலர் எல்லாவற்றையும் கைவிட்டு அமைதியாக வாழப் போனார்கள், சிலர் வெறுப்பில் கானன் பக்கம் சேர்ந்து யீகா கூட்டமானார்கள். யீகாவின் சின்னம் அதே கண், தலைகீழாக.

இங்கே பேய்க் கிணறு இல்லை, வதை அறை இல்லை. ஆனால் ஒளித்துவைத்த வரலாறு ஒரு மனிதனின் வீட்டுக்குள் இருக்கிறது. இந்தக் காலத்து இம்பாவின் வாசலில் காவல் நிற்கிற டோரியன் முன்பு யீகாவில் இருந்தவன். விலகிவந்ததற்கு அவர்கள் அவனுடைய மனைவியைக் கொன்றுவிட்டார்கள். இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் கொக்கோ அம்மா சமைத்ததை நினைவில் வைத்துத் தகப்பனுக்குச் சமைக்கிறாள். சின்னவள் கொட்லாவுக்கு அம்மா இறந்தது தெரியாது. அம்மா ஒளித்துப் பிடித்து விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடி ஓடுகிறாள். நிழல் கோயிலின் கத்திகளை விட இந்தப் பிள்ளை என்னை அதிகம் உலுக்கினாள்.

இதையெல்லாம் கேட்ட பிறகு மருமகனுக்குப் பழைய கேம் வேண்டும் என்றாகிவிட்டது. 'ஒக்கரினா'வை இப்போது ஸ்விட்சிலேயே விளையாடலாம். தைப்பொங்கல் முடிந்து நான் திரும்பிப் போனபோது காற்றாலை வரைக்கும் வந்துவிட்டிருந்தான். கோபக்காரனிடம் பாட்டைக் கற்று, பின்னால் போய், சிறுவனாக நின்று வாசித்தான். சுற்றல் வேகம் பிடித்தது. வெளியே ஓடிவந்து கிணற்றின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தான். தண்ணீர் இல்லை. இறங்குகிற ஏணி தெரிந்தது.

பொத்தானில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தான்.

"மாமா, இறங்காமலே விட்டா ஊர் எரியாதா?"

அந்த ஊர் ஏற்கனவே எரிந்ததை அவன் பார்த்திருந்தான். "நீ பார்த்திட்டாய் தானே" என்றேன். விளக்கைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் இறங்கினான்.